கூன் விழுந்த விரால்

ஏழாங்கட்டைத் தோட்டத்தில் ரப்பர் பால் நிறுத்துக் கொடுத்த பிறகு ஆண்கள் கள்ளுக்கடைப் பக்கம் போவார்கள், பெண்கள் விறகு பொறுக்கப் போவார்கள். ராக்காயி மட்டும் ஆற்றுக்குப் போவாள். இடுப்பில் மீன் போட்டுவைக்கிற பறி, தோளில் ஊத்தா. ஊத்தா என்பது அடியில்லாத மூங்கில் கூடை. மேலே கை நுழைகிற அளவுக்கு வாய், கீழே அகன்ற பாதம். கலங்கின தண்ணீரில் அதைக் குத்தி அமுக்கிக்கொண்டு மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். மீன் சிக்கியிருந்தால் கூடைச் சுவரில் டமடமவென்று முட்டும்.

கரங்கான் பட்டணத்திலிருந்து உள்ளே வருகிற செம்மண் தடத்தில் ஏழாவது மைல் கட்டைக்கல் நிற்கிற இடத்தில் தோட்டம் தொடங்குவதால் அந்தப் பெயர். துரைமார் வைத்த பெயர் வேறு. அது யார் வாயிலும் நுழையவில்லை. காட்டை வெட்டி எரித்து ரப்பர் நட்டு, முதல் தலைமுறை மரங்களில் அப்போதுதான் பால் கண்டிருந்தது. ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் இன்னும் கரிந்த அடிமரங்கள் நின்றன. ஆறு மலையிலிருந்து இறங்கி, தோட்டத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு, லயத்தை உரசி, கீழே கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துக்குப் போனது. அதற்கு மலாயில் ஒரு பெயர் இருந்தது. லயத்தில் எல்லாருக்கும் அது வெறும் சுங்கைதான், அதாவது ஆறு.

ராக்காயிக்கு நாற்பது வயது இருக்கலாம். புருஷனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டு, தம்பி குழந்தைவேலுவைக் கையில் பிடித்துக்கொண்டு மலாய்ச் சீமைக்குக் கப்பலேறியவள். தோட்டத்தில் அவளுக்குக் களை வெட்டுகிற புல்லு வேலை. தம்பி வளர்ந்து பால் எடுக்க மரம் சீவப் போனான். அவனுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் மரம் சீவிக்கொண்டிருந்த சீதாலட்சுமி என்ற பெண்ணைக் கட்டிவைத்தாள். ஒரே அறையில் நடுவில் சாக்குப் படுதா தொங்கவிட்டு மூவரும் இருந்தார்கள். கடை அரிசியும் பருப்பும் கருவாடும் கங்காணி வழியாக வரும். அரிசியில் புழு இருக்கும். கருவாட்டில் உப்பைத் தவிர ஒன்றும் இருக்காது. அந்தச் சோற்றுக்கு ருசி வந்தது ராக்காயியின் பறியில் இருந்துதான். ஐந்தாறு வீட்டு அடுப்பில் அவள் மீன் கொதித்தது. நல்ல விராலாகக் கிடைத்தால் நாற்றுக்கூடையில் ஈரச்சாக்கு போட்டு மூடி, கரங்கான் கடைத்தெருவில் மூசா ராவுத்தரின் சாப்பாட்டுக் கடைக்குக் கொண்டுபோவாள்.

மலையடிவாரத்தில் தவுக்கே என்கிற சீன முதலாளி ஒருவர் லம்பம், அதாவது ஈயச் சுரங்கம், திறந்ததை லயத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாட்டுவண்டிகள் தோட்டத்துத் தடத்தில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போயின. மண்ணைக் கழுவிக் கழுவி ஈயம் எடுக்கிறார்களாம். தேயிலைச் சாயம் மாதிரித் தெளிந்து ஓடின ஆறு அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆனது.

"கலங்கினா நல்லதுதான். மீனுக்குக் கண்ணு தெரியாது, எனக்கு லேசு" என்று ராக்காயி சிரித்தாள்.

அந்த மழைக்காலத்தில் சீதாலட்சுமிக்குப் பெண் பிறந்தது. கடினமான பேறு. ரத்தம் நிறையப் போய்விட்டது. மருத்துவச்சி வேலையும் பார்க்கிற பக்கத்து வீட்டு உமையாள், "விரால் சாறு குடு அக்கா. உள்காயம் ஆறிரும், பாலும் ஊறும்" என்றாள். மலாய்க்காரிகளும் அதையேதான் செய்வார்கள். ராக்காயிக்குச் சொல்லவா வேண்டும். தினமும் ஆற்றில் இறங்கினாள். விராலைச் சாம்பல் போட்டு உரசி, வழுவழுப்பு போகக் கழுவி, மிளகும் பூண்டும் மஞ்சளும் நசுக்கிப் போட்டு, ஆற்றுத் தண்ணீரிலேயே வேகவைத்து, சாறு கெட்டியாக வற்றுகிறவரை அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள். ஈரலைத் தனியாக எடுத்து வாழை இலையில் சுட்டுக் கொடுப்பாள்.

"மதினி, போதும். நெஞ்சு வரைக்கும் நிக்குது."

"குடி புள்ள. பச்ச ஒடம்பு. இன்னும் ரெண்டு மடக்கு."

"நீங்க குடிங்களேன். காலையிலேருந்து வெயில்ல நின்னுட்டு வாரீக."

"எனக்கென்ன, நான் காஞ்ச கட்டை. எனக்குக் கருவாடு போதும். நீ குடி."

சீதாலட்சுமி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். ராக்காயி கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வாள்.

பிறகு மீன்கள் மாறின. முதலில் ஒன்று, இரண்டு. விராலின் முதுகு நடுவில் ஒடிந்து ஒட்டவைத்தது மாதிரி வளைந்திருந்தது. கெளுத்திக்கு மீசை கருகி உதிர்ந்திருந்தது. செவுளைத் திறந்தால் சிவப்புக்குப் பதில் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று சளி. சில மீனுக்குப் பக்கவாட்டில் காசளவு புண். ராக்காயி புண்ணை அறுத்து வீசிவிட்டு மிச்சத்தைக் குழம்பில் போட்டாள். ஊர்க் கண்மாயில் கூட வறட்சிக் காலத்தில் மீனுக்குப் புண் வரும். அவள் பார்க்காததா.

ஒருநாள் மூசா ராவுத்தர் கடையில் கூடையை இறக்கினாள். ராவுத்தர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து சாக்கை விலக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி மூடினார்.

"தங்கச்சி, இத எடுத்துக்கிட்டுப் போயிரு."

"ஏன் நானா? உசுரோட இருக்கு பாருங்க. வால் ஆட்டுது."

"உசுரோடதான் இருக்கு. போன தடவ நீ குடுத்தத என் சமையக்காரன் அறுத்தான். கூப்ட்டுக் காட்டுனான். ஈரலு இருக்கே, மஞ்சளா வீங்கி, தொட்டா மாவு மாதிரி உதிருது. இருவது வருசமா கடை வெச்சிருக்கேன், அப்படி ஒரு ஈரல நான் பார்த்ததில்ல லா. அத்தனையும் குழிவெட்டிப் பொதச்சோம். பூனைக்குக்கூடப் போடல."

ராக்காயிக்கு முகம் சுண்டியது. "புடிக்கலேன்னா புடிக்கலேன்னு சொல்லுங்க. யாழ்ப்பாணத்தான் கடைக்காரன் ஒங்களுக்குக் கொறஞ்ச வெலைக்கு மீனு குடுக்குறானா?"

"சத்தியமா அது இல்ல. அல்லா மேல ஆணை. என் கடையில நாலு மனுசன் சாப்புடுறான். தோட்டத்துல ஒங்க புள்ளைங்களுக்கும் குடுக்காத. சொல்றதக் கேளு."

அவள் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஏழு கட்டையும் நடந்தாள். வழியெல்லாம் ராவுத்தரைத் திட்டினாள். வீட்டுக்கு வந்ததும், கூடையில் இருந்ததிலேயே நல்ல மீனாகப் பார்த்து எடுத்து, சீதாலட்சுமிக்குச் சாறு வைத்தாள். ஆனால் ஈரலை அறுக்கும்போது கை நின்றது. உதிர்ந்த மஞ்சள் மாவை விரலால் தேய்த்துப் பார்த்தாள். அதை மட்டும் வெளியே எறிந்தாள். கோழி கொத்த வந்தது. ஓடிப்போய்க் கோழியை விரட்டினாள். ஏன் விரட்டினோம் என்று அவளுக்கே புரியவில்லை.

சீதாலட்சுமி பிள்ளை பெற்று மாதங்கள் ஆகியும் தேறவில்லை. வயிற்றுப்போக்கு, குமட்டல். உள்ளங்காலில் எறும்பு ஊர்கிறது என்றாள். பிறகு ஊசி குத்துகிறது என்றாள். ஒரு காலை பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்தவள், அப்படியே கை நழுவி விட்டுவிட்டாள். நல்லவேளை கீழே துணி கிடந்தது. குழந்தை வீரிட்டது. சீதாலட்சுமி தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"புடிச்சிருக்கேன்னுதான் நெனச்சேன் மதினி. பாரம் தெரியுது, புடி தெரியல."

தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் வந்து முழங்காலில் தட்டிப் பார்த்தார். பெரிபெரி, சத்துக் குறைவால் வருவது என்றார். தவிட்டுக் கஞ்சி கொடுக்கச் சொன்னார். "மீனு நல்லது, நெறையக் குடுங்க" என்றும் சொல்லிவிட்டுப் போனார். லயத்தில் பெரிபெரி வராத வீடு இல்லை என்பதால் அவர் சொன்னதில் தப்பும் சொல்ல முடியாது.

அந்த வாரத்தில் ஆறு செத்த மீனால் நிறைந்தது. லம்பத்தில் ஏதோ கரை உடைந்ததோ, திறந்துவிட்டார்களோ, காலையில் புல்லு வேலைக்குப் போன பெண்கள் முதலில் பார்த்தார்கள். வெள்ளை வயிறுகள் வேர்களில் ஒதுங்கிக் கிடந்தன. சிலது இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. நாற்றம் லயத்து வாசல் வரை வந்தது.

மத்தியானம் கீழ்க் கம்பத்திலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். முன்னால் ஜைனல். அவன் தூண்டில்காரன், வாத்து வளர்ப்பவன். ராக்காயியை 'காக்' என்று கூப்பிடுவான். மலாயில் அக்கா. லயத்துப் பிள்ளைகள் அதைக் கேட்டுக் கரைந்து காட்டிச் சிரிக்கும். அவள் விரால் கொடுத்தால் அவன் தேங்காய் கொடுப்பான். அன்று அவன் கையில் செத்த வாத்துகள் கழுத்தைத் தொங்கவிட்டிருந்தன. பின்னால் அவன் மனைவி சைதூன் இடுப்பில் பிள்ளையோடு நின்றாள்.

"யார் தூபா போட்டது?" என்று மலாயில் கத்தினான்.

தூபா என்பது ஒரு காட்டுக்கொடியின் வேர். நசுக்கி ஆற்றில் கலந்தால் மீன் மயங்கி மிதக்கும். பிடிப்பது சுலபம். ஆனால் ஆறு முழுக்கப் பாழாகும் என்று அரசாங்கமே தடுத்திருந்தது. கங்காணி அய்யாவு வேட்டியை இறுக்கிக்கொண்டு வந்தார். லயத்தின் மேல் பழி விழுந்தால் அது அவர் தலையில்தான் விழும். சுற்றும் முற்றும் பார்த்தார்.

"இந்த லயத்துல ஆத்துல எறங்குறது ஒரே ஆளுதான். எல்லாருக்கும் தெரியும்."

எல்லாரும் ராக்காயியைப் பார்த்தார்கள். நேற்றுவரை அவள் பறிக்காகக் காத்திருந்தவர்களும் பார்த்தார்கள்.

"கங்காணியாரே, வாய் இருக்குன்னு பேசாதீக. நான் என்னைக்காவது வேரு நசுக்கி நீங்க பாத்திருக்கீகளா? ஊத்தா இல்லாம நான் எறங்குனதுண்டா?"

"அப்ப யாரு? மீனு தானா செத்துச்சா? துரை காதுக்குப் போயிருச்சு. போட்டது யாருன்னு தெரிஞ்சா குடும்பத்தோட தோட்டத்த விட்டு ஏத்தி அனுப்பிருவேன்னு சொல்லியிருக்காரு."

குழந்தைவேலு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அக்காவின் கையைப் பிடித்து இழுத்தான். ராக்காயி திரும்பி ஜைனலைப் பார்த்து அரைகுறை மலாயில் சொன்னாள்: "ஜைனல், தூபா போட்ட மீனை நீ தின்னிருக்க, நானும் தின்னிருக்கேன். அந்த மீனுக்கு முதுகு வளையுமா? உன் பூபுக் கூண்டுல வர்ற மீனு எப்படி இருக்கு? நீயே சொல்லு."

ஜைனல் கையிலிருந்த வாத்துகளைப் பார்த்தான். சைதூன்தான் மெதுவாகச் சொன்னாள், தன் வீட்டுப் பானையிலும் கூன் விழுந்த மீன்தான் கொஞ்ச காலமாக வருகிறது என்று.

மறுநாள் ஓய்வு நாள். ராக்காயி விடிந்ததும் ஆற்றங்கரையோடு மேலே நடக்க ஆரம்பித்தாள். கொஞ்ச தூரத்தில் ஜைனல் பாராங்கத்தியோடு வந்து சேர்ந்துகொண்டான். மன்னிப்பும் கேட்கவில்லை, சண்டையும் போடவில்லை. முன்னால் நடந்து முள்ளை வெட்டிக்கொடுத்தான்.

தோட்டத்து எல்லை தாண்டியதும் கரை மாறியது. சாம்பல் நிற மணல் திட்டுத் திட்டாகக் கிடந்தது. அதில் புல்லே இல்லை. லாலான் புல் கூட முளைக்காத மண்ணை ராக்காயி இந்தச் சீமையில் பார்த்ததில்லை; அதை வெட்டி வெட்டித்தானே அவள் முதுகு போனது. தவளைச் சத்தம் இல்லை. இன்னும் மேலே போனதும் பூண்டு வாசனை வந்தது.

"யாரோ சமைக்கிறாங்க" என்றாள்.

சமையல் இல்லை, புகையின் வாசனை. செங்கல் சூளை ஒன்றில் ஈயமண்ணை வறுத்துக்கொண்டிருந்தார்கள். புகைக்கூண்டைச் சுற்றி நின்ற மரங்களின் இலையெல்லாம் மாவு தூவினது போல் வெளுத்திருந்தது. உயரமான மரச்சாரத்தின் வழியாகச் சேற்றுத்தண்ணீர் இறங்கி, ஈயத்தை விட்டுவிட்டு, சாம்பல் குழம்பாக நேரே ஆற்றில் விழுந்தது.

சாரத்தின் காலடியில் ஒரு சீனக் கிழவர் மண்வெட்டியால் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஜைனல் அவரிடம் கடைத்தெரு மலாயில் பேசினான். இந்தத் தண்ணீர் எங்கே போகிறது? கிழவர் கீழே கை காட்டினார். இதை நீங்கள் குடிக்கிறீர்களா?

கிழவர் வேகமாகத் தலையை ஆட்டினார். "தா போலே. தா போலே." குடிக்கக் கூடாது. அந்தப் பக்கத்து மலையிலிருந்து டின்னில் சுமந்துவருகிறோம். இதைக் குடிக்கக் கூடாது என்று வேலைக்கு வந்த அன்றே தவுக்கே சொல்லிவிட்டார்.

பிறகு, அவர்கள் கேட்காமலேயே, மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். கை முழுக்க அரிசி அரிசியாகத் தடித்த காய்ப்பு. வேலைக் காய்ப்பு இல்லை. விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும்கூட இருந்தது. கழுத்தில் மழைத்துளி தெறித்தது மாதிரி கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள். அவர் ராக்காயியின் விரலைப் பிடித்துத் தன் உள்ளங்கையில் அழுத்தி, தொடுவது தெரியவில்லை என்று தலையசைத்தார். பிறகு பாதத்தைக் காட்டினார். அங்கும் தெரியவில்லை.

"தண்ணி குடிக்கலேன்னியே" என்றாள் ராக்காயி தமிழில். அவருக்குப் புரியவில்லை. சூளைப் புகையை அண்ணாந்து பார்த்தார். மேலே இருந்து யாரோ அதட்டினார்கள். கிழவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

இறங்கி வரும்போது பாதி வழியில் ராக்காயி ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஜைனல், கிண்ணத்தக் கவுத்துக் காட்டச் சொல்லுவேன்டா. மிச்சம் வெச்சிருக்காளான்னு பாப்பேன்."

அவன் என்ன சொல்கிறாள் என்று கேட்டான். அவள் மலாயில் சொல்ல முயன்று, வார்த்தை கிடைக்காமல் விட்டுவிட்டாள்.

வீட்டில் குழந்தைவேலு வாசற்படியில் மரம் சீவும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். ராக்காயி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டான். அவள் முடித்தபோதும் தீட்டிக்கொண்டிருந்தான்.

"நாளைக்குப் பேரு கூப்புடுற பெரட்டுல எல்லார் முன்னாலயும் சொல்லப் போறேன் வேலு. இந்த மீன யாரும் திங்கக்கூடாது."

"சொல்லாத."

"என்னடா?"

"சொல்லாதக்கா. யோசிச்சுப் பாரு. ராக்காயி மீனுல வெசம் இருக்குன்னு ராக்காயியே சொல்லுறா. கங்காணி என்ன சொல்லுவாரு? 'பாத்தீகளா, தூபா போட்டவளே ஒத்துக்கிட்டா'ன்னுவாரு. லம்பத்துத் தவுக்கே மேலயா கை வெப்பாங்க? அவனும் தொரையும் ஒரே வண்டியில போறத நீ பாக்கலயா? நம்மளத்தான் ஏத்துவாங்க. இவ எழுந்து நடக்கக்கூட முடியாம கெடக்கா. கைக்கொழந்தை. எங்க போறது?"

"நீ சொல்றது சரிதான்."

"அப்ப சும்மா இரு. நாம திங்க வேண்டாம். ஒடம்பு முடியல, ஆத்துக்குப் போகலேன்னு சொல்லு. முடிஞ்சு போச்சு."

"உமையா மகனுக்கு என் கையால மீனு குடுத்திருக்கேன்டா. அந்தக் கடேசி வீட்டுப் புள்ளத்தாச்சிக்குக் குடுத்திருக்கேன். நான் போகலேன்னா அதுக தானாப் போயிப் புடிக்கும். செத்த மீனையே கருவாடு போட நேத்து ரெண்டு பேரு அள்ளிக்கிட்டுப் போனாக, நான் பாத்தேன்."

"ஊருக்கெல்லாம் நீதான் ஆத்தாளா?" குழந்தைவேலு கத்தியை வீசி எறிந்தான். "ஒன் மீனு, ஒன் மீனுன்னு நீதான பெருமயடிச்ச? ஒன் மீனுதான இவள இப்படி ஆக்குச்சு? எனக்கு ஒரு பொண்டாட்டி. ஒருத்தி. அவளத்தான் நான் பாப்பேன்."

படுதாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சீதாலட்சுமியின் குரல் வந்தது.

"மதினி. இங்க வாங்க."

ராக்காயி உள்ளே போனாள். சீதாலட்சுமி சுவரில் சாய்ந்திருந்தாள். முகம் வற்றிக் கண் மட்டும் பெரிதாக இருந்தது.

"நீங்க ஆசயாத்தான் குடுத்தீக. நானும் ஆசயாத்தான் குடிச்சேன். என் ஆத்தா இருந்தாக்கூட அம்புட்டு நேரம் அடுப்படியில உக்காந்திருக்க மாட்டா." மூச்சு வாங்கினாள். "அவுக பயப்புடுறாக. எனக்கும் பயந்தான். ஆனா கடேசி வீட்டு அக்காளுக்கு இது எட்டாம் மாசம் மதினி."

ராக்காயி அவள் போர்வையை இழுத்துவிட்டாள்.

மறுநாள் இருட்டு பிரியுமுன்னே பெரட்டுக்களத்தில் தப்படித்துப் பேர் கூப்பிட்டார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. குதிரைமேல் துரை, பக்கத்தில் மொழிபெயர்க்கிற கிராணிக் கணக்கர், எதிரே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வரிசையாக ஆட்கள். தன் பேர் கூப்பிட்டதும் ராக்காயி 'இருக்கேன்' என்று சொல்லிவிட்டு வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"எல்லாரும் கேளுங்க. இந்த ஆத்து மீன இனிமே யாரும் திங்காதீங்க. ஆத்துத் தண்ணியில சோறாக்காதீங்க. கெணத்துத் தண்ணி தூரமா இருந்தாலும் அதையே எடுங்க. நான் குடுத்த மீனத் தின்னுதான் என் தம்பி பொண்டாட்டி கை கால் விழுந்து கெடக்கா. நான் வேரு போடல. மேல லம்பத்துலேருந்து வெசம் வருது. நான் கண்ணால பாத்துட்டு வாரேன். அங்க வேல செய்யுறவனே அந்தத் தண்ணியக் குடிக்க மாட்டேங்குறான்."

"வரிசைக்குப் போ!" என்று அய்யாவு கங்காணி பிரம்பைத் தூக்கினார்.

அவள் போகவில்லை. "அடிங்க. அடிச்சிட்டு, ஒங்க வீட்டுல என்ன மீனு கொதிக்குதுன்னு போயிப் பாருங்க."

கங்காணியின் கை பாதியில் நின்றது. அவர் மனைவியும் ராக்காயியிடம்தான் மீன் வாங்கினாள்.

துரை என்ன சத்தம் என்று கேட்டார். கிராணி சொன்னார். துரை ஆற்றுப் பக்கம் பார்த்தார். பிறகு சில வார்த்தைகள் பேசினார். கிராணி மொழிபெயர்த்தார்: இன்றிலிருந்து ஆற்றில் யாரும் மீன் பிடிக்கக் கூடாது. பிடித்தால் அபராதம். ஆற்று மீன் உங்களுக்கு அளக்கிற படியில் சேர்ந்ததல்ல. லம்பத்தைப் பற்றிப் பேசுவது உங்கள் வேலையுமல்ல. வேலைக்குப் போங்கள்.

அவ்வளவுதான். ஏற்றி அனுப்பவில்லை. புல்லு வேலைக்கு ஆள் பற்றாக்குறை என்று சிலர் சொன்னார்கள். கூட்டம் கலைந்தபோது சில பெண்கள் ராக்காயியைப் பார்க்காமல் போனார்கள். ஒருத்தி, தன் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தது இவளால்தான் என்று மண்ணை வாரித் தூற்றினாள். ராக்காயி முகத்தைத் துடைத்துவிட்டுக் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

மூசா ராவுத்தருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. அவரே தன் மாட்டுவண்டியை அனுப்பினார். குழந்தைவேலு மனைவியைத் தூக்கி வண்டியில் படுக்கவைத்து, கூலிம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அக்காவை அவன் கூப்பிடவில்லை. அவளாக ஏறி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு மலையாளி டாக்டர் சீதாலட்சுமியின் நகங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். நகத்தில் வெள்ளைக் கோடு குறுக்காக ஓடியது.

"இது பெரிபெரி அல்ல. பாஷாணம், ஆர்சனிக். ஈயமண்ணோட கலந்திருக்கும், காரீயமும் சேர்ந்திருக்கலாம். மீனிலேர்ந்தோ தண்ணியிலேர்ந்தோ, எது அதிகம்னு எனக்குச் சொல்லத் தெரியாது. ரெண்டையும் நிறுத்துங்க."

"நல்லாக் கொதிக்க வெச்சுத்தான் குடுத்தேன் ஐயா" என்றாள் ராக்காயி.

"கொதிச்சா போகாதம்மா இது. வத்த வத்தக் கூடும்."

அவள் பிள்ளையோடு வெளியே வந்தாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தூணோடு சாய்ந்து உட்கார்ந்து, சத்தம் வராமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தைவேலு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் மடியிலிருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டான். "நீ போயி மூஞ்சியக் கழுவு. நேத்திலேருந்து சாப்புடல" என்றான்.

தாய்ப்பால் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ராவுத்தர் கடையிலிருந்து டின் பால் வந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. சீதாலட்சுமியும் பிழைத்தாள். விரல்களில் மெல்ல மெல்ல உணர்ச்சி வந்தது, கால் திரும்பவில்லை. வலது பாதத்தை இழுத்து இழுத்துத்தான் நடந்தாள். கத்தி பிடித்து மரம் சீவ இனி ஆகாது என்று ஆயாக் கொட்டகையில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வைத்தார்கள். கடைசி வீட்டுக்காரிக்குப் பிள்ளை செத்துப் பிறந்தது. எதனால் என்று யாரும் சொல்லவில்லை. ராக்காயியும் கேட்கப் போகவில்லை. போய் அந்த வீட்டுத் தண்ணீர்க் குடத்தை எடுத்து, தூரத்துக் கிணற்றில் நிரப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். பல நாள் வைத்தாள்.

கீழ்க் கம்பத்துக்குக் கிணறு இல்லை, ஆறு மட்டும்தான். ஜைனலும் இன்னும் சிலரும் வீட்டைப் பிரித்து வண்டியில் ஏற்றினார்கள். யான் என்ற ஊரில் சைதூனின் அண்ணன் நெல் போடுகிறானாம், கடலோரம், வேறு தண்ணீர். போகிற வழியில் ஜைனல் லயத்தில் நின்று, "காக்" என்று கூப்பிட்டான். இந்த முறை பிள்ளைகள் சிரிக்கவில்லை. லம்பம் நின்றபாடில்லை. ஈய விலை ஏறியிருக்கிறது, இன்னொரு சூளை கட்டுகிறார்கள் என்று வண்டிக்காரர்கள் சொன்னார்கள்.

அடுத்த வருஷம் கப்பலில் புதிய ஆட்கள் வந்தார்கள். கங்காணி ஊரில் போய்த் திரட்டி வந்தவர்கள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டு வந்த சோர்வோடு லயத்தில் இறங்கினார்கள். புழு அரிசியைப் பார்த்தார்கள். மறுநாளே ஆற்றைப் பார்த்தார்கள்.

ராக்காயி புல்லு வேலையிலிருந்து திரும்பும்போது துறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. புதுப் பெண்கள் சேலை முந்தியை விரித்துத் தண்ணீரில் இறங்கியிருந்தார்கள். நோய்பிடித்த மீன் ஓடாது. முந்தியில் தானாக வந்து விழுந்தது. கரையில் கூடை பாதி நிறைந்திருந்தது. ராக்காயி கொத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"எடுக்காதீங்க! வெளிய வாங்க! அது ஆகாத மீனு!"

பெண்கள் திகைத்து நின்றார்கள். இவள் கூடையைத் தூக்கிக் கரைமேல் கவிழ்த்து, மீன்களைக் காலால் மண்ணில் தள்ளினாள். நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி பாய்ந்து வந்து அவள் கூந்தலைப் பிடித்தாள்.

"அடி பாவி மவளே! ஆறு ஒங்கப்பன் வீட்டுதா? எம் புள்ளைங்க கப்பல்ல வாந்தியெடுத்தே பாதி செத்துருச்சுங்க. நாலு மீனு புடிச்சா ஒனக்குப் பொறுக்கலயா?"

ராக்காயி அவள் கையைத் தட்டிவிடவில்லை. அப்படியே நின்றுகொண்டு சொன்னாள். மீனை அறுத்துப் பாருங்கள் என்றாள். தன் தம்பி மனைவியைச் சொன்னாள், கிண்ணத்தைச் சொன்னாள், கடைசி வீட்டுப் பிள்ளையைச் சொன்னாள். நான்தான் பிடித்துக்கொடுத்தேன், என் கையாலதான் கொடுத்தேன் என்றாள். சொல்லச் சொல்லக் கூந்தலைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. தண்ணீரில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். முந்தியில் இருந்ததை உதறினார்கள். அதில் ஒருத்தி மட்டும் உதற மனம் வராமல், ஒரு விராலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். ராக்காயி அதை மெதுவாக வாங்கித் தூர எறிந்தாள்.

நடுத்தர வயதுக்காரி கீழே கிடந்த வெறுங்கூடையைப் பார்த்தாள். அவள் குரலில் இப்போது கோபம் இல்லை.

"அப்ப நாங்க என்னத்தக்கா திங்கிறது?"

ராக்காயி கூடையைக் குனிந்து எடுத்து, ஒட்டியிருந்த செதிலைத் துடைத்து, அவள் கையில் கொடுத்தாள். பிறகு அவர்களோடு லயத்தைப் பார்த்து நடந்தாள். பின்னால் ஆறு வெளுப்பாக ஓடிக்கொண்டிருந்தது.